போகக்கூடியவனின் காவல்

கூட்டணி என்னும் சொல்லைத் தேர்தல் காலத்தில் கேட்டுப் பழகியவர்கள் நாம். தொகுதிப் பங்கீட்டில் பிறந்து, வாக்கு எண்ணிக்கையில் மூச்சடங்கும் அந்தக் கூட்டணிகளின் ஆயுள் குறித்து நமக்கு எந்த மயக்கமும் இருந்ததில்லை. யார் யாருக்காக நிற்கிறார்கள், எதுவரை நிற்பார்கள் என்பதைத் தேநீர்க் கடையிலேயே கணித்துச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதே சொல் 'ராணுவ' என்னும் அடைமொழியைச் சூடிக்கொண்டு பன்னாட்டு அரங்கில் ஏறிவிட்டால், நமது ஐயங்கள் எல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொள்கின்றன. 'பிராந்தியப் பாதுகாப்பு', 'நிலைத்தன்மை', 'உதவிப் படை' போன்ற சொற்களை அப்படியே வாங்கிக் கட்டுரைகளில் வைத்துக்கொள்கிறோம்.

2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்த பிறகு, நம் இதழ்ச் சூழலில் இரண்டு குரல்கள் கேட்டன. மேற்குலகம் இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும், அவசரப்பட்டுக் கைவிட்டதே பிழை என்றது ஒரு குரல். ஏகாதிபத்தியம் மண்ணைக் கவ்வியது, ஒரு மக்கள் கூட்டம் வென்றது என்று கைதட்டியது மற்றொன்று. அவ்விரண்டையும் நாம் மறுக்கிறோம். முதற்குரல் கூட்டணியின் இயல்பை அறியாதது. இரண்டாங்குரல் அந்த நிலத்தின் பெண்களை மறந்தது. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: ஆப்கானிஸ்தானைத் தம் கட்சிக்கட்டலுக்கான ஓர் உவமையாக மட்டுமே அவை கண்டன.

நாம் சொல்ல வருவது ஒன்றே. தன் எல்லைக்கு வெகுதொலைவில் இறங்கும் ராணுவக் கூட்டணி அந்த நிலத்தின் பாதுகாப்பைத் தன் நோக்கமாகக் கொள்ள இயலாது. அது இறுதியில் காப்பது தன் ஒற்றுமையையும் தன் பெயரையும்தான். இதற்குக் காரணம் அதில் உள்ளவர்கள் தீயவர்கள் என்பதன்று. எந்நேரமும் எழுந்து போகக்கூடியவனால் காவல் இருக்க முடியாது என்பதுதான்.

*

வட அட்லாண்டிக் ஒப்பந்தம் 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகளால் கையெழுத்திடப்பட்டது. அதன் ஐந்தாம் விதியை எல்லோரும் அறிவர்: ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் அனைவர் மீதான தாக்குதலாகக் கொள்ளப்படும். அதற்கு அடுத்து வரும் ஆறாம் விதியை யாரும் பேசுவதில்லை. எந்த நிலத்தில் தாக்குதல் நிகழ்ந்தால் ஐந்தாம் விதி செல்லும் என்று எல்லை வரையறுப்பது அதுவே. ஐரோப்பா, வட அமெரிக்கா, கடக ரேகைக்கு வடக்கே உள்ள அட்லாண்டிக் பரப்பு என்று அது நிலவியலைத் தெளிவாகவே சொன்னது. அதாவது, இதை எழுதியவர்கள் தூரத்தின் பொருளை அறிந்திருந்தார்கள். அண்டை வீடு எரிந்தால் நம் கூரைக்கும் தீ தாவும் என்னும் அறிவின் மேல் கட்டப்பட்ட ஒப்பந்தம் அது.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. எதிரி இல்லாத கூட்டணிக்கு என்ன வேலை? அமெரிக்க செனட்டர் ரிச்சர்ட் லூகர் 1993இல் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: நேட்டோ தன் எல்லைக்கு வெளியே போக வேண்டும், இல்லையேல் கடையை மூட வேண்டும். இக்கூற்றை வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். தொலைதூரத்தில் யாருக்கோ பாதுகாப்பு தேவைப்பட்டது, ஆகவே கூட்டணி சென்றது என்பதன்று வரிசை. கூட்டணிக்கு ஒரு பணி தேவைப்பட்டது. நிலம் பின்னர்தான் வந்தது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் ஐந்தாம் விதி வரலாற்றில் முதன்முறையாகக் கையிலெடுக்கப்பட்டது. இன்றுவரை அதுவே ஒரே முறை. ஐரோப்பாவைக் காக்க அமெரிக்கா ஓடிவரும் என்று எழுதப்பட்ட விதி, அமெரிக்காவுக்காக ஐரோப்பா எழுந்து நின்ற நிகழ்வாக மாறியது. அந்த ஒருமைப்பாட்டில் உண்மை இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அக்டோபர் 7 அன்று தொடங்கிய போரை அமெரிக்கா கூட்டணியின் தலைமையில் நடத்தவில்லை. விரும்பிய நாடுகளைத் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொண்டு தானே நடத்தியது. டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் கூடிய மாநாடு புதிய அரசுக்கு வடிவம் தந்தது. தோற்றுப்போன தாலிபான்களுக்கு அங்கே இருக்கை இல்லை. தோற்றவனைப் பேச அழைக்காத அமைதி, அவன் திரும்பி வரும் நாளுக்காகக் காத்திருக்கும் அமைதி என்பதை அன்று கேட்கும் பொறுமை வென்றவர்களுக்கு இருக்கவில்லை.

அதே டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை காபூல் நகருக்கென ஒரு பன்னாட்டுப் பாதுகாப்பு உதவிப் படையை அமைத்தது. 2003 ஆகஸ்டில் அதன் தலைமையை நேட்டோ ஏற்றது. ஏன் 2003? அவ்வாண்டு மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியிருந்தது. பிரான்சும் ஜெர்மனியும் அதை வெளிப்படையாக எதிர்த்தன. கூட்டணி பிளவுண்டு கிடந்தது. ஈராக்கிற்கு வரமாட்டோம் என்றவர்கள் நட்பு முறியவில்லை என்று காட்டுவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. ஆப்கானிஸ்தான் அந்த இடமாயிற்று. இது நமது வாசிப்பு; மறுப்போர் மறுக்கலாம். ஆனால் அதற்குப் பின் நடந்தவற்றை வேறு எப்படி விளங்கிக்கொள்வது என்பதை அவர்கள் சொல்ல வேண்டும்.

காலித் ஹொசைனியின் முதல் நாவல் வெளிவந்ததும் அதே 2003இல்தான். ஆப்கானிஸ்தானை அந்நாவல் வழியாகவே அறிந்த வாசகர்கள் நம்மிடையே பலர். மீட்கப்படக் காத்திருக்கும் ஒரு நிலம் என்ற படிமம் இலக்கியத்தின் வழி நம் நெஞ்சில் பதிந்தது. மீட்க வந்தவர்களின் சட்டதிட்டங்களை நாம் வாசிக்கவில்லை. அது நாவலாசிரியரின் குற்றமன்று. நம் வாசிப்பின் சோம்பல்.

*

வந்தவர்கள் நாட்டை எவ்வாறு பங்கிட்டுக்கொண்டார்கள் என்று பார்ப்போம். 2002இலேயே துறைகள் பிரிக்கப்பட்டன. காவல் துறைச் சீரமைப்பு ஜெர்மனிக்கு, நீதித் துறை இத்தாலிக்கு, போதைப்பொருள் ஒழிப்பு பிரிட்டனுக்கு, ஆயுதக் குழுக்களைக் கலைப்பது ஜப்பானுக்கு, ராணுவப் பயிற்சி அமெரிக்காவுக்கு. பின்னர் நிலமும் பிரிந்தது. வடக்கு ஜெர்மானியருக்கு, மேற்கே ஹெராத் இத்தாலியருக்கு, ஹெல்மண்ட் பிரிட்டிஷாருக்கு, காந்தஹார் கனடியருக்கு, உருஸ்கான் டச்சுக்காரருக்கு. ஒரு நாட்டின் நீதியை ஒருவரும், காவலை இன்னொருவரும், சிறு படைக் குழுக்களை மூன்றாமவரும் வெவ்வேறு தலைநகரங்களிலிருந்து நடத்தினால் என்ன ஆகும்? கைது செய்பவனுக்கும் தீர்ப்பளிப்பவனுக்கும் இடையே ஒரு கண்டம் கிடக்கும்.

இதற்கு மேல் 'தேசிய நிபந்தனைகள்' என்றொரு ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு நாட்டின் நாடாளுமன்றமும் தன் படைவீரர் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று தனித்தனியே வகுத்தது. தம் பகுதியை விட்டு வெளியே சென்று போரிடக் கூடாது என்றது ஒன்று. இரவில் இந்த வேலைக்குப் போகக் கூடாது என்றது இன்னொன்று. 2011ஐ ஒட்டிய உச்ச காலத்தில் சுமார் 50 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,30,000 வீரர்கள் அங்கே இருந்தனர். எண்ணிக்கையில் அது பெரும் படை. ஆனால் ஐம்பது எசமானர்களுக்கு ஊழியம் செய்யும் படை. எதிராளிக்கோ ஒரே நிலம், ஒரே நோக்கம், முடிவற்ற காலம்.

போதைப்பொருள் ஒழிப்பின் கதையைக் கேளுங்கள். தாலிபான் தடையின் விளைவாக 2001இல் ஆப்கானிஸ்தானின் அபினிச் சாகுபடிப் பரப்பு சுமார் 8,000 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. 2017இல் அது 3,28,000 ஹெக்டேர் என்று ஐ.நா. கணக்கிட்டது. உலகின் ஆகச் சிறந்த படைகள் அங்கே நிலைகொண்டிருந்தபோது நிகழ்ந்த வளர்ச்சி இது. ஏன்? அபினிப் பயிரை அழித்தால் உழவன் எதிரியின் பக்கம் போவான். விட்டால் எதிரியின் கருவூலம் நிறையும். இந்த முடிச்சை அவிழ்க்க அந்த உழவனோடு பல தலைமுறை வாழ வேண்டிய ஓர் அரசு வேண்டும். ஆறு மாதச் சுழற்சியில் வந்துபோகும் படைப்பிரிவால் அது இயலாது. 2022இல் தாலிபான் மீண்டும் தடை விதித்ததும் மறு ஆண்டே பரப்பு 95 சதவீதம் வீழ்ந்தது. இதை நாம் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அந்தத் தடை ஏழை உழவனின் வயிற்றில் அடித்தது. நாம் சுட்டுவது ஒன்றைத்தான்: கொடியவனாயினும் அங்கேயே இருக்கப் போகிறவனின் சொல்லுக்கு உள்ள எடை, நல்லவனாயினும் போகப் போகிறவனின் சொல்லுக்கு இல்லை.

*

காவல் என்பது பொறுப்புக் கூறலோடு பிறக்கும் சொல். யாரைக் காக்கிறோமோ அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவனே காவலன். இந்தக் கூட்டணி யாருக்குப் பதில் சொன்னது?

2009 செப்டம்பர் 4 பின்னிரவில், குந்தூஸ் அருகே தாலிபான்கள் கடத்திச் சென்ற இரண்டு எரிபொருள் லாரிகள் ஆற்று மணலில் சிக்கி நின்றன. எரிபொருளை அள்ளிக்கொள்ள ஊர் மக்கள் கூடினர். ஜெர்மன் அதிகாரி ஒருவரின் ஆணையின் பேரில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். அவர்களுள் குடிமக்கள் பலர், சிறுவர்களும் இருந்தனர். பின்னர் ஜெர்மனியில் பெரும் புயல் எழுந்தது. தாக்குதல் நடந்தபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர், அப்போது வகித்துவந்த வேறு அமைச்சுப் பதவியிலிருந்து விலகினார். எதற்காக? நூறு பேர் இறந்ததற்காக அன்று. அது குறித்த தகவல்கள் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கும் மக்களுக்கும் உரிய முறையில் தரப்படவில்லை என்பதற்காக. ஆணையிட்ட அதிகாரி பின்னாளில் பதவி உயர்வு பெற்றார். இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 5,000 டாலர் கருணைத் தொகை தரப்பட்டது. சட்டப்படியான இழப்பீடு கோரிய வழக்கை 2016இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இதை நாம் ஜெர்மனியின் மீதான வசையாக எழுதவில்லை. அந்நாட்டு மக்களாட்சி செவ்வனே இயங்கியது என்பதே நம் வாதத்தின் முள். நாடாளுமன்றம் கேள்வி கேட்டது, அமைச்சர் விலகினார், நீதிமன்றம் விசாரித்தது. எல்லாம் நடந்தன. எல்லாம் தம் குடிமக்களுக்காக நடந்தன. குந்தூஸ்காரன் அந்த மக்களாட்சியின் வாக்காளன் அல்லன்.

இன்னும் இரண்டு நிகழ்வுகள். 2010 பிப்ரவரியில் உருஸ்கானில் தம் படை நீடிப்பதா வேண்டாமா என்ற சச்சரவில் நெதர்லாந்து அரசே கவிழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் டச்சுப் படை வெளியேறியது. 2010 மே மாதத்தில், ஏற்றுமதியைச் சார்ந்த ஜெர்மனி தன் வணிக நலன்களுக்காகவும் படையைப் பயன்படுத்த நேரலாம் என்று பேசிய அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஹார்ஸ்ட் கோலர், எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து பதவி துறந்தார். ஹாக் நகரத்து அமைச்சரவைக் கூட்டம் ஒன்றில் எழுந்த பிணக்கு, உருஸ்கான் பள்ளத்தாக்கில் மறுநாள் யார் காவல் நிற்பது என்பதைத் தீர்மானித்தது. தன் உயிரைப் பற்றிய முடிவு, தான் பெயரறியாத ஓர் ஊரில், தான் அறியாத மொழியில், தன்னைப் பற்றியே அல்லாத ஒரு காரணத்துக்காக எடுக்கப்படும் நிலையைப் 'பாதுகாப்பு' என்று அழைக்கத் தமிழில் மட்டுமன்று, எம்மொழியிலும் நியாயமில்லை.

*

அண்டை நாட்டின் கதை இதைவிடக் கொடிது. ஆப்கானிஸ்தானுக்குக் கடற்கரை இல்லை. கூட்டணியின் எரிபொருளும் உணவும் தளவாடமும் பெரும்பாலும் கராச்சித் துறைமுகத்தில் இறங்கி, தோர்க்கம், சமன் கணவாய் வழிகளில் லாரிகளில் ஏறின. அதே பாகிஸ்தானின் எல்லைப்புறத்தில்தான் தாலிபான் தலைமை தங்கியிருந்தது. 2004இல் பாகிஸ்தானுக்கு 'நேட்டோ சாராத முதன்மைக் கூட்டாளி' என்ற தகுதியை அமெரிக்கா வழங்கியது. 2011 மே மாதம் பின்லேடன் கொல்லப்பட்டது அதே நாட்டின் அபோட்டாபாத்தில், ராணுவப் பயிற்சிக் கழகத்துக்கு அருகில். அவ்வாண்டு நவம்பரில் சலாலா எல்லைச் சாவடியில் கூட்டணி விமானங்கள் 24 பாகிஸ்தான் வீரர்களைக் கொன்றன. பாதை 2012 ஜூலை வரை அடைபட்டது. எதிரிக்கு நிழல் தருபவனிடமே சோற்றுக்கும் வழி கேட்டு நிற்கும் போர் இது. அண்டை நாடுகளின் உடன்பாடு இல்லாமல் ஒரு வட்டாரத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்னும் பாலபாடத்தை, ஆகாய வலிமை ஒருபோதும் ஈடுசெய்யாது.

இது புதிய பாடமும் அன்று. 1954இல் மணிலாவில் தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பு உருவாயிற்று. உறுப்பினர் எட்டு நாடுகள்: அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து. பெயரில் தென்கிழக்காசியா, தென்கிழக்காசிய நாடுகள் இரண்டே இரண்டு! 1955இல் பாக்தாத் ஒப்பந்தம். 1958 புரட்சிக்குப் பின், மறு ஆண்டு ஈராக்கே விலகிவிட, பாக்தாத் இல்லாத பாக்தாத் ஒப்பந்தம் வேறு பெயர் சூட்டிக்கொண்டது. இவ்விரண்டையும் நம்பிச் சேர்ந்த பாகிஸ்தான், 1965இலும் 1971இலும் தன் போர்களில் எந்தக் கூட்டணியும் தனக்காகப் படை அனுப்பாததைக் கண்டது. நம்முடைய பகை அவர்களுடைய பகை அல்ல. அவர்களுடைய பகைக்காகவே நாம் சேர்க்கப்பட்டோம் என்ற உண்மையை அது காலந்தாழ்ந்து கற்றது. தென்கிழக்காசிய அமைப்பு 1977இலும், பாக்தாத் ஒப்பந்தத்தின் எச்சம் 1979இலும் கலைந்தன. அவற்றின் மறைவால் அந்த வட்டாரங்கள் எதையும் இழந்ததாக யாரும் துக்கம் கொண்டாடவில்லை.

*

இங்கே நம்மை இடைமறிக்கும் ஒரு கேள்வி உண்டு. அதை நேர்மையாக எதிர்கொள்ளாவிட்டால் இக்கட்டுரை வெறும் வாய்வீச்சாகும். அந்த இருபது ஆண்டுகளில் பெண் குழந்தைகள் பள்ளி சென்றார்களே? ஆம், சென்றார்கள். 2001இல் தொடக்கப் பள்ளிகளில் பெண் குழந்தைகள் ஏறத்தாழ இல்லை. 2018இல் 25 லட்சம் பேர் என்று யுனெஸ்கோ கூறுகிறது. பெண்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்கள், நீதிபதிகளானார்கள், செய்தி வாசித்தார்கள். இவை பொய்யல்ல, அற்பமும் அல்ல. ஒரு பெண் எழுத்தறிவு பெறுவது எந்தக் கொடியின் நிழலில் நிகழ்ந்தாலும் நமக்கு உவப்பே.

ஆனால் அதனாலேயே நம் குற்றச்சாட்டு கூர்மை பெறுகிறது. அந்தப் பெண்களைப் பள்ளிக்கு அழைத்தவர்கள், தம்மை நம்பச் சொல்லி அழைத்தார்கள். நம்பியவர்களின் பெயர்கள் பதிவேடுகளில் ஏறின. நீதிபதி இருக்கையில் அமர்ந்து ஒருவனைச் சிறைக்கு அனுப்பிய பெண், அவன் விடுதலையாகி வரும் நாளில் எங்கே போவாள்? மொழிபெயர்ப்பாளனாகப் படையோடு நடந்தவன், படை போன பின் எந்தத் தெருவில் நடப்பான்? வெளிநாட்டுப் பணத்தில் நின்ற அந்த அரசின் செலவில் நான்கில் மூன்று பங்கு கொடையாக வந்தது. அத்தகைய அரசு தன் மக்களைவிடத் தன் கொடையாளருக்கே செவி சாய்த்தது. காபூலின் மேட்டுக்குடி அந்தப் பணத்தில் கொழுத்தது. 2010இல் காபூல் வங்கி சூறையாடப்பட்டு வீழ்ந்தது. உள்ளூர்த் தலைமையின் இந்த இழிவை நாம் மறைக்கவில்லை. ஆனால் வேரற்ற மரத்துக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தியவர்கள், முட்டை உருவிய பின் மரத்தைப் பழிப்பது அறமாகாது.

இன்னும் சில ஆண்டுகள் இருந்திருக்கலாமே என்போர் 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் கையெழுத்தான உடன்பாட்டை ஒருமுறை வாசிக்க வேண்டும். இலக்கியம் பயின்றவர்கள் தலைப்பிலிருந்தே தொடங்கலாம். ஒரு தரப்பின் பெயர் இவ்வாறு அமைகிறது: அமெரிக்க ஐக்கிய நாடுகளால் ஓர் அரசாக அங்கீகரிக்கப்படாததும் தாலிபான் என அறியப்படுவதுமான ஆப்கானிஸ்தான் இஸ்லாமிய எமிரகம். அச்சிறு ஆவணத்தில் இந்த நீண்ட தொடர் மந்திரம்போல் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கீகரிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, அங்கீகரித்தவனோடு மட்டுமே செய்யும் செயலைச் செய்கிறது. அங்கீகரிக்கப்பட்ட ஆப்கான் அரசோ அந்த உடன்பாட்டில் கையொப்பமிட்ட தரப்பு அன்று. அதே நாளில் காபூலில் அதற்கென ஒரு கூட்டறிக்கை ஆறுதல் பரிசாக வெளியிடப்பட்டது. ஆனால் அந்த அரசின் சிறைகளிலிருந்து 5,000 பேர் வரை விடுவிக்கப்படுவர் என்று தோஹாவில் எழுதப்பட்டது.

இன்னொரு வரியும் உண்டு. அமெரிக்கப் படைகள் மட்டுமல்லாமல் அதன் நட்பு நாடுகளின் படைகளும் 14 மாதங்களில் வெளியேறும் என்கிறது உடன்பாடு. அந்த நட்பு நாடுகளும் அதில் கையொப்பமிடவில்லை. 2021 தொடக்கத்தில் அங்கிருந்த ஏறத்தாழ 10,000 கூட்டணி வீரர்களில் அமெரிக்கர் 2,500 பேர்தான். எஞ்சியோர் மற்ற நாட்டவர். ஏப்ரலில் அமெரிக்கா வெளியேறும் நாளை அறிவித்தது. அன்றே நேட்டோவும் அதை ஏற்றது. அமெரிக்கா இல்லாமல் தொடர முடியுமா என்று மற்ற நாடுகளிடம் கேட்டுப் பார்த்ததாகவும், துணைக்கு யாரும் வரவில்லை என்றும் அன்றைய பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் பென் வாலஸ் பின்னர் சொன்னார். கூட்டணி என்று நாம் அழைத்தது இதைத்தான். நுழையும்போது ஐம்பது பேர். வெளியேறும் முடிவில் ஒருவர்.

பிறகு நடந்தவை யாவரும் கண்டவை. ஜூலை தொடக்கத்தில் பக்ராம் தளத்தை அமெரிக்கர் இரவோடிரவாகக் காலி செய்தனர். பொறுப்பேற்க வேண்டிய தமக்குச் சொல்லாமலேயே போய்விட்டதாக ஆப்கான் தளபதி கூறினார். பராமரிப்பு ஒப்பந்ததாரர்களும் போய்விட, ஆப்கான் விமானப் படை முடங்கியது. ஆகஸ்ட் 15 அன்று அதிபர் தப்பியோடினார். ஆகஸ்ட் 26 அன்று விமான நிலைய வாயிலில் வெடித்த குண்டுக்கு 13 அமெரிக்க வீரர்களும் சுமார் 170 ஆப்கானியரும் பலியாயினர். 29 அன்று பழிவாங்கும் வேகத்தில் ஏவப்பட்ட ஆளில்லா விமானத் தாக்குதல், ஏழு குழந்தைகள் உட்பட ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பத்துப் பேரைக் கொன்றது. தவறு என்று பின்னர் ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் கடைசி விமானம் ஏறியது.

இருபது ஆண்டுக் கணக்கில், பிரௌன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்று ஆப்கானிஸ்தானில் நேரடிப் போரில் இறந்தோரைச் சுமார் 1,76,000 என மதிப்பிடுகிறது. அவர்களுள் ஆப்கான் ராணுவத்தினரும் காவலரும் 69,000 பேர், குடிமக்கள் 46,000 பேர். கூட்டணி நாடுகளின் வீரர்கள் 3,500 பேருக்கும் மேல். அந்த 3,500 பேரின் தாய்மாரும் தாய்மாரே. அவர்கள் துயரை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் 'ஆப்கானியர் தமக்காகத் தாமே போரிடத் துணியவில்லை' என்று அன்று வாஷிங்டனில் சொல்லப்பட்டதே, அதை இந்த 69,000 என்ற எண்ணின் முன் நிறுத்திப் பாருங்கள்.

*

கைதட்டியவர்களிடமும் ஒரு சொல். 2021 செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளிகள் பெண்களுக்கு மூடப்பட்டன. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்கள். 2024 ஆகஸ்டில் வந்த சட்டம் பெண்ணின் குரலே பொதுவெளியில் கேட்கலாகாது என்னும் அளவுக்குப் போயிற்று. 2025 ஜூலையில் ரஷ்யா இந்த ஆட்சியை முறைப்படி அங்கீகரித்தது. வல்லரசு தோற்ற மகிழ்ச்சியில் இதை 'உள்நாட்டு விவகாரம்' என்று கடந்து போகிறவர்கள், தாம் வெறுக்கும் கூட்டணியின் கண்ணாடியையே அணிந்திருக்கிறார்கள். அதற்கும் அந்த நிலம் ஒரு மேடை. இவர்களுக்கும் அது ஒரு மேடை.

அப்படியானால் கூட்டணிகளே வேண்டாமா என்று கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. ரஷ்யாவோடு நீண்ட எல்லையைப் பகிரும் பின்லாந்து 2023இல் நேட்டோவில் சேர்ந்ததற்கும், சுவீடன் 2024இல் சேர்ந்ததற்கும் அவற்றின் அச்சம் காரணம்; அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. அங்கே காப்பவனும் காக்கப்படுபவனும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். 1999 ஜூனில் கொசோவோவுக்குள் நுழைந்த நேட்டோ படை இன்னும் அங்கேயே இருக்கிறது. கொசோவோவில் கால்நூற்றாண்டு கடந்தும் இருக்க முடிந்த அமைப்பால் காபூலில் ஏன் இருக்க முடியவில்லை? கொசோவோ எரிந்தால் அகதிகள் நடந்தே அவர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். மன உறுதியின் வேறுபாடு அன்று இது, தூரத்தின் வேறுபாடு. ஜெர்மனியின் பாதுகாப்பு இந்துகுஷ் மலையிலும் காக்கப்படுகிறது என்று அந்நாட்டின் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் ஸ்ட்ருக் 2002இல் சொன்னார். அதை அவர் நம்பியே சொல்லியிருக்கலாம். இந்துகுஷ்ஷின் பாதுகாப்பு யாரால் காக்கப்படுகிறது என்று கேட்க, இந்துகுஷ்காரர் யாரும் அந்த அவையில் இல்லை.

காபூல் வீழ்ந்து சரியாக ஒரு மாதம். 2021 செப்டம்பர் 15 அன்று ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் பசிபிக் பரப்புக்கான புதிய பாதுகாப்பு உடன்பாட்டை அறிவித்தன. அணுசக்தியில் இயங்கும் நீர்மூழ்கிகள் அதன் மையம். இந்தோனேசியாவும் மலேசியாவும் தம் கவலையை வெளியிட்டன. கடலின் கரையில் குடியிருப்பவர்கள் அவர்கள். 2022இல் மாட்ரிட்டில் கூடிய நேட்டோ மாநாட்டுக்கு ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தலைவர்கள் முதன்முறையாக அழைக்கப்பட்டனர். அட்லாண்டிக் என்ற சொல்லின் எல்லை எதுவரை நீளும் என்பதை இனி நிலவியல் ஆசிரியர்களிடம் கேட்டுப் பயனில்லை.

ஆகவே, இனி எந்த நிலத்துக்கு எந்தக் கூட்டணி காவல் செல்வதாக அறிவித்தாலும், ஆதரித்தோ எதிர்த்தோ எழுதும் முன் நம் நண்பர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். காக்கப்படுவோர் தம் காவலரைக் கேள்வி கேட்க ஓர் அவை உண்டா? அண்டை நாடுகள் அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கின்றனவா, வெளியில் நிற்கின்றனவா? வந்தவர்கள் போகும் நாளை யார் குறிப்பார்கள்? மூன்றுக்கும் விடை இல்லையெனில், அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிடாதிருப்போம். சொற்களோடு வாழ்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு சொல்லைத் தகாத இடத்தில் வைக்க மறுப்பதாவது நம்மால் முடிய வேண்டும்.